8222 பேர் வாங்கிய அணி: ராச்செஸ்டர் நாட்குறிப்பு

செவ்வாய்

நயாகரா ஒன்றரை மணி நேரத் தூரத்தில் இருக்கும்போது ராச்செஸ்டரிலேயே உட்கார்ந்து மைனர் லீக் பேஸ்பால் பார்க்கப் போகிறேன் என்றதும் அக்கா, "அதுக்காடா அவ்வளவு தூரம் ஃபிளைட் ஏறி வந்தே?" என்றாள். அதற்காகத்தான் வந்தேன். ராச்செஸ்டர் ரெட் விங்ஸ் என்ற இந்த அணியைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் சில வருடங்களாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். அமெரிக்காவில் ஓர் ஊர் தன் அணியைத் தானே விலை கொடுத்து வாங்கி, இன்றுவரை வேறு யாருக்கும் கொடுக்காமல் வைத்திருப்பது அடிக்கடி நடக்கிற காரியம் இல்லை. அதை அந்த ஊரில் இருந்துகொண்டே எழுதவேண்டும் என்று ஆசை.

ஊரைப் பற்றி இரண்டு வரி. நியூயார்க் மாநிலம்தான், ஆனால் நியூயார்க் நகரத்தில் இருந்து வெகு தூரம், மாநிலத்தின் மேற்குப் பக்கம், ஒன்டாரியோ ஏரியின் தென்கரை. ஜெனிசீ ஆறு ஊருக்கு நடுவில் ஓடி, கடைத்தெருக்களுக்குப் பக்கத்திலேயே அருவியாக விழுகிறது. கோடாக் கம்பெனி பிறந்த ஊர். 1982 வாக்கில் இந்த ஊரில் மட்டும் 60,000 பேருக்கு மேல் கோடாக்கில் வேலை பார்த்தார்கள். 2012இல் கம்பெனி திவால் மனு கொடுத்தது. அந்தப் பழைய கோடாக் கோபுரம் இன்னும் நிற்கிறது. அதன் எதிரே, நடக்கிற தூரத்தில், ரெட் விங்ஸ் விளையாடுகிற ஸ்டேடியம்.

ஸ்டேடியம் 1996இல் ஃப்ரன்டியர் ஃபீல்ட் என்ற பெயரில் திறந்தது, ரெட் விங்ஸ் அங்கே ஆடத் தொடங்கியது 1997இல். விளம்பரதாரர் மாறினால் பெயரும் மாறிவிடும். வழி கேட்டபோது எல்லோரும் ஃப்ரன்டியர் என்றே சொன்னார்கள். நான் பெயரைவிட முகவரியைத்தான் பார்த்தேன்: 'ஒன் மோரி சில்வர் வே'. மோரி சில்வர் யார் என்பதை நாளைக்கு விரிவாக எழுதுகிறேன், இந்தக் கதையே அவரைச் சுற்றித்தான்.

பேஸ்பால் பழக்கம் இல்லாதவர்களுக்குச் சுருக்கமாக. மேஜர் லீகில் 30 அணிகள். ஒவ்வொன்றுக்கும் கீழே நான்கு படிகளில் மைனர் லீக் அணிகள், மேல்படியின் பெயர் ட்ரிபிள் ஏ. ரெட் விங்ஸ் அந்த மேல்படியில் இருக்கிறது, இப்போது வாஷிங்டன் நேஷனல்ஸ் அணிக்குக் கீழே. நம் ரஞ்சி டிராபி போலத் தோன்றும், ஆனால் ஒரு பெரிய வித்தியாசம்: இங்கே ஆட்டக்காரர்களுக்குச் சம்பளம் கொடுப்பது மேலே உள்ள அணி. யாரை எப்போது மேலே கூப்பிடுவது, யாரைக் கீழே அனுப்புவது, பிட்சர் எத்தனை பந்து வீசலாம், எல்லாம் அவர்கள் முடிவு. உள்ளூர் கிளப்பின் கையில் இருப்பது டிக்கெட், சாப்பாடு, மைதானம், சட்டையில் உள்ள பெயர், ஊரோடு உள்ள உறவு, அவ்வளவுதான். நேற்று ஹோம் ரன் (நம் சிக்ஸர் போல) அடித்த பையன் இன்று காலை விமானம் ஏறி வாஷிங்டன் போயிருப்பான், ஊர் சந்தோஷப்பட்டுக்கொண்டே அடுத்தவனைப் பார்க்கும்.

இன்று இரவு முதல் ஆட்டம். எதிரணி சிராக்யூஸ் மெட்ஸ், பக்கத்து ஊர், பழைய பகை. இப்போதெல்லாம் செவ்வாய் முதல் ஞாயிறு வரை ஒரே எதிரணியோடு ஆறு ஆட்டம், திங்கள் விடுமுறை. பேட்டர் தன் தலைக்கவசத்தைத் தட்டினால், பந்து சரியான எல்லைக்குள் வந்ததா என்ற அம்பயரின் தீர்ப்பை மேல்முறையீடு செய்கிறான் என்று அர்த்தம், திரையில் பந்தின் பாதையை வரைந்து காட்டுகிறார்கள். மேஜர் லீகுக்குப் போகும் முன் இந்த முறையை ட்ரிபிள் ஏயிலும் சோதித்துப் பார்த்தார்கள்.

இந்த கிளப் மூன்று எண்களை இனி யாரும் அணியக்கூடாது என்று ஓய்வு கொடுத்து வைத்திருக்கிறது. 26, ஜோ ஆல்டபெல்லிக்கு. 36, லூக் ஈஸ்டருக்கு. மூன்றாவது 8222. நான்கு இலக்க எண்ணை எந்தச் சட்டையிலும் போட முடியாது. அது எந்த ஆட்டக்காரனின் எண்ணும் இல்லை.

புதன்

காலையிலேயே ஆற்றங்கரையில் உள்ள ரண்டெல் நூலகக் கட்டடத்துக்குப் போய்விட்டேன். உள்ளூர் வரலாற்றுக்கு என்றே தனிப் பிரிவு வைத்திருக்கிறார்கள். மைக்ரோஃபிலிம் சுருளைச் சுற்றிச் சுற்றிக் கண் வலித்தாலும் எழுந்திருக்க மனம் வரவில்லை. சரி, கதைக்கு வருகிறேன்.

ராச்செஸ்டரில் தொழில்முறை பேஸ்பால் 19ஆம் நூற்றாண்டிலேயே வந்துவிட்டது. இப்போதைய அணி 1899இல் இருந்து இடைவெளி இல்லாமல் ஆடி வருகிறது. ஆரம்பத்தில் பிராங்கோஸ், ஹஸ்லர்ஸ், டிரைப் என்று பல பெயர்கள். ரெட் விங்ஸ் ஆனது 1928இல், செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணி இதை வாங்கியபோது.

கார்டினல்ஸ் வாங்கியதன் பின்னால் பிராஞ்ச் ரிக்கி என்ற மூளை இருந்தது. பணக்கார அணிகளோடு போட்டி போட்டு நட்சத்திரங்களை வாங்கத் தன்னிடம் காசு இல்லை, அதனால் சிறிய ஊர்களின் அணிகளை வாங்கி ஆட்டக்காரர்களை நாமே வளர்த்துக்கொள்வோம் என்பது அவருடைய திட்டம். அதுவரை மைனர் லீக் அணி என்பது பெரும்பாலும் சுதந்திரமான உள்ளூர் வியாபாரம். ரிக்கிக்குப் பிறகு அது நாற்றங்கால். வளர்ந்ததும் பிடுங்கி வேறு வயலில் நடுவார்கள்.

ஆனால் முதல் சில வருடங்கள் ராச்செஸ்டருக்குப் பொற்காலம். பில்லி சவுத்வொர்த் மேனேஜராக இருந்து 1928 முதல் 1931 வரை தொடர்ந்து நான்கு முறை, ராச்செஸ்டர் ஆடும் இன்டர்நேஷனல் லீகின் பட்டம். 1929இல் நார்ட்டன் தெருவில் புது ஸ்டேடியம். 1930இல் ரிப்பர் காலின்ஸ் என்பவர் ஒரே சீசனில் .376 சராசரி (மட்டை பிடித்த ஆயிரம் முறைக்கு 376 ஹிட் என்ற கணக்கு), 180 ரன்கள் அடித்துக் கொடுத்தார், அந்த 180 இன்டர்நேஷனல் லீக் சாதனை. 1941இல் 20 வயது ஸ்டான் மியூசியல் வந்தார். 54 ஆட்டம், .326 சராசரி, செப்டம்பரில் கார்டினல்ஸ் அழைத்துக்கொண்டது. அப்புறம் அவர் 1963 வரை அங்கேயே ஆடி பேஸ்பாலின் மிகப் பெரிய பெயர்களில் ஒன்றானார். இந்த ஊருக்குக் கிடைத்தது அந்த 54 ஆட்டங்கள்தான்.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு மைனர் லீகுகள் பொங்கி வழிந்தன. 1949இல் நாடு முழுக்க 59 லீகுகள், ஏறத்தாழ 4 கோடி பார்வையாளர்கள். அதன் பின் சரிவு. வீட்டில் டிவி வந்தது, பெரிய அணிகளின் ஆட்டம் நடு ஹாலுக்கே வந்துவிட்டது, உள்ளூர் ஆட்டத்துக்கு ஏன் டிக்கெட் எடுக்க வேண்டும்? பத்துப் பதினைந்து வருடத்தில் பாதிக்கு மேல் லீகுகள் காணாமல் போயின. 1956 முடிவில் கார்டினல்ஸ், ராச்செஸ்டரில் இருந்து கையைக் கழுவ முடிவு செய்தது. அணியும் விற்பனைக்கு, ஸ்டேடியமும் விற்பனைக்கு. வாங்க ஆள் இல்லை என்றால் அணி வேறு ஊருக்குப் போகும், அல்லது இல்லாமலே போகும்.

இங்கேதான் மோரி சில்வர் வருகிறார். இசைத்தட்டுக் கடை வைத்திருந்த உள்ளூர் வியாபாரி. இவர், ஊரே வாங்கட்டும் என்றார். ராச்செஸ்டர் கம்யூனிட்டி பேஸ்பால் என்று ஒரு கம்பெனி, ஒரு பங்கு 10 டாலர். 72 நாட்கள் விற்றார்கள். அப்போது நாட்டின் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 1 டாலர், அதாவது ஒரு பங்கு என்பது ஒரு தொழிலாளிக்கு ஒரு நாளைக்கு மேலான உழைப்பு. அதைக் கொடுத்து, லாபம் வருமா என்று யோசிக்கக்கூட இடமில்லாத ஒரு வியாபாரத்தில், 8,222 பேர் பங்கு வாங்கினார்கள். 1957இல் அணியும் நார்ட்டன் தெரு ஸ்டேடியமும் ஊருக்குச் சொந்தமாயின.

ஓய்வு கொடுக்கப்பட்ட அந்த எண் அதுதான். சில்வருக்காக, அவர் சேர்த்த பங்குதாரர்களின் எண்ணிக்கையை வைத்திருக்கிறார்கள். ஓர் ஆளுக்கு மரியாதை செய்ய அவரோடு நின்ற அத்தனை பேரையும் எண்ணிச் சொல்லியிருக்கிறார்கள். இதைவிடப் பொருத்தமான மரியாதை எனக்குத் தெரியவில்லை.

வாங்கியதோடு எல்லாம் சுகமாகவில்லை. 1960களின் நடுவில் மறுபடி பணமுடை, சில்வர் மறுபடி வந்து பொறுப்பெடுத்து நிமிர்த்தினார். 1968இல் ஸ்டேடியத்துக்கு அவர் பெயரை வைத்தார்கள், சில்வர் ஸ்டேடியம். 1974இல் இறந்தார். அவருடைய மகள் நயோமி சில்வர் பின்னாளில் கிளப்பின் தலைமைப் பொறுப்புக்கு வந்து பல்லாண்டுகள் நடத்தினார்.

நூலகம் மூடும் நேரம் வரை இருந்தேன். இரவு ஆட்டத்துக்குப் போகவில்லை.

வியாழன்

நார்ட்டன் தெருவுக்குப் போனேன். வடகிழக்குப் பகுதி, டவுன்டவுனில் இருந்து பஸ்ஸில் கொஞ்ச நேரம். ஸ்டேடியம் இருந்த இடத்தில் இப்போது தொழில் கட்டடங்கள், கார் நிறுத்தம். 1996 சீசனோடு இங்கே ஆட்டம் முடிந்தது, அப்புறம் இடித்தார்கள். மியூசியல் ஓடிய இடம் எது, பிட்சர் நின்ற மேடு எது என்று ஊகிக்கக்கூட முடியாது. தெருவில் கொஞ்ச நேரம் நடந்தேன், ஒரு கடையில் காபி வாங்கினேன். கடைக்காரர் பழைய ஸ்டேடியத்துக்குச் சின்ன வயதில் போயிருக்கிறாராம், மைதானத்துக்கு வெளியே விழும் பந்துகளைப் பொறுக்கிக்கொண்டு வந்து உள்ளே நுழைவார்களாம்.

1961 முதல் 2002 வரை 42 வருடம் ரெட் விங்ஸ் பால்டிமோர் ஓரியோல்ஸோடு இணைந்திருந்தது. பால்டிமோரின் நல்ல காலத்துக்கு வேர் இங்கேதான் இருந்தது என்று நான் அடித்துச் சொல்வேன். ஏர்ல் வீவர் 1966, 1967இல் இங்கே மேனேஜர், அடுத்த வருடம் பால்டிமோர் போய் அங்கேயே சரித்திரம் படைத்தார். அப்புறம் கால் ரிப்கன் சீனியர் இரண்டு வருடம். பிறகு 1971இல் ஜோ ஆல்டபெல்லி, அவரிடம் பாபி கிரிச்சும் டான் பேய்லரும் ஆடினார்கள். கிரிச் அந்த வருடம் லீகின் சிறந்த ஆட்டக்காரர், 32 ஹோம் ரன். லீகின் கவர்னர்ஸ் கோப்பையும் டென்வரை வென்று ஜூனியர் வேர்ல்ட் சீரிஸும் ராச்செஸ்டருக்கு. அந்த அணியைத்தான் இந்த ஊர்க்காரர்கள் இன்றும் எல்லாவற்றுக்கும் அளவுகோலாக வைக்கிறார்கள். ஆல்டபெல்லி பின்னால் பால்டிமோர் மேனேஜராகி 1983இல் மேஜர் லீகின் உச்சப் போட்டியான வேர்ல்ட் சீரிஸே வென்றார், ஆனால் வீடு ராச்செஸ்டர்தான். இங்கேயே திரும்பி வந்து கிளப்பை நிர்வகித்தார், ரேடியோவில் வர்ணனை செய்தார். 26 என்ற எண் அவருக்குக் கிடைத்தது ஒரு கோப்பைக்காக மட்டும் இல்லை.

இந்தப் பகுதிக்கு வேறு ஒரு வரலாறும் உண்டு. 1964 ஜூலையில், இங்கிருந்து அதிக தூரம் இல்லாத ஜோசப் அவென்யூவில் போலீசுக்கும் கறுப்பின மக்களுக்கும் இடையே மோதல் மூண்டு மூன்று நாள் ஊர் எரிந்தது, நேஷனல் கார்டு படை வந்தது. கோடாக் போன்ற கம்பெனிகள் கறுப்பர்களுக்கு வேலை கொடுக்கவில்லை, வீடு கிடைக்கவில்லை, அந்தக் கோபம் அது. அதே வருடம் ரெட் விங்ஸ் கோப்பை வென்றது. இரண்டும் ஒரே ஊரில், ஒரே கோடையில் நடந்தவை. ஊர் வாங்கிய அணி என்று நான் உற்சாகமாக எழுதும்போது, ஊர் என்றால் யார் யார் என்ற கேள்வியையும் கேட்க வேண்டியிருக்கிறது. 8,222 பேரில் ஜோசப் அவென்யூக்காரர்கள் எத்தனை பேர்?

1990இல் மேஜர் லீகுகள் மைனர் லீக் ஸ்டேடியங்களுக்குப் புதிய தர விதிகள் போட்டதால் நாடெங்கும் பழைய ஸ்டேடியங்கள் விழுந்து புதியவை எழுந்தன. ராச்செஸ்டரும் அந்த அலையில்தான் டவுன்டவுனுக்கு வந்தது. புது ஸ்டேடியம் மன்ரோ கவுன்டிக்கு (நம் மாவட்டம் போல) சொந்தம், கிளப் வாடகைக்கு இருக்கிறது. 1957இல் மண்ணும் அணியும் இரண்டும் மக்களின் பங்கில் இருந்தன, இன்று அணி மட்டும். எனக்கு இது ஒரு இழப்பாகவே படுகிறது, ஆனால் 1997இல் புது இடத்தில் ஆடிய முதல் சீசனிலேயே கவர்னர்ஸ் கோப்பையை வென்றார்கள், அது அவர்களுடைய பத்தாவது. அதற்குப் பிறகு இன்னொன்று வரவில்லை.

இரவு ஆட்டம். வியாழக்கிழமைகளில் அணி 'ராச்செஸ்டர் பிளேட்ஸ்' என்ற பெயரில் ஆடுவதை 2017இல் தொடங்கினார்கள். இந்த ஊரின் புகழ்பெற்ற சாப்பாட்டுத் தட்டின் பெயர் அது: வறுத்த உருளைக்கிழங்கு, மக்ரோனி சாலட், மேலே ஹாட் டாக் அல்லது ஹாம்பர்கர், அதற்கு மேலே காரமான இறைச்சிக் குழம்பு, வெங்காயம், கடுகு. அக்கா மகன், "மாமா, முழுசா சாப்பிட்டாத்தான் நீங்க ராச்செஸ்டர்காரர்" என்றான். சாப்பிட்டேன். நன்றாகவே இருக்கிறது, பசியோடு போங்கள்.

வெள்ளி

மாலையில் இருந்து மழை. மைதானத்தின் மேல் தார்ப்பாய் விரித்துவிட்டார்கள். பிட்சர் மேட்டைப் பார்த்துக்கொண்டு கூரைக்குக் கீழே உட்கார்ந்திருந்தவர்களில் இரண்டு பேர், 1981 ஆட்டத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள். இந்த ஊரில் மழை வந்தால் அந்தப் பேச்சு வருமாம்.

தொழில்முறை பேஸ்பாலின் மிக நீண்ட ஆட்டத்தில் தோற்ற அணி ராச்செஸ்டர். 1981 ஏப்ரல் 18, ரோட் ஐலண்ட் மாநிலத்து பாட்டக்கெட் ஊரின் மெக்காய் ஸ்டேடியம். எதிரணி பாட்டக்கெட் ரெட் சாக்ஸ். ஒன்பது இன்னிங்ஸில் (இரண்டு அணியும் ஒரு முறை மட்டை பிடித்தால் ஒரு இன்னிங்ஸ்) முடிய வேண்டிய ஆட்டம் 1-1 என்று சமமானது. இரவு ஏறியது, குளிர் ஏறியது, எதிர்க்காற்று நல்ல அடியையெல்லாம் மைதானத்துக்குள்ளேயே தள்ளியது. லீக் விதிப்படி ஒரு நேரத்துக்கு மேல் புது இன்னிங்ஸ் தொடங்கக்கூடாது. ஆனால் அம்பயர்களுக்குக் கொடுத்த கையேட்டில் அந்த விதி விடுபட்டிருந்தது, அவர்கள் ஆட்டத்தை நிறுத்த மறுத்தார்கள். 21ஆவது இன்னிங்ஸில் ராச்செஸ்டர் ஒரு ரன் எடுத்து முந்தியது. முடிந்தது என்று நினைத்தபோது பாட்டக்கெட்டின் வேட் பாக்ஸ் அடித்த டபுளில் (இரண்டாவது பேஸ் வரை ஓடவைக்கும் அடி) மறுபடி சமம். உடைந்த மட்டைகளைத் தொட்டியில் போட்டுக் கொளுத்திக் குளிர் காய்ந்தார்கள். லீக் தலைவரைத் தொலைபேசியில் பிடித்து, 32ஆவது இன்னிங்ஸ் முடிவில் ஆட்டத்தை நிறுத்தியபோது விடிகாலை 4:07. அது ஈஸ்டர் ஞாயிறு. 1,740 பேரோடு தொடங்கிய ஆட்டத்தில் மிஞ்சியிருந்த பார்வையாளர்கள் 19 பேர்.

மீதி ஆட்டத்தை ஜூன் 23இல் வைத்தார்கள். அப்போது மேஜர் லீக் ஆட்டக்காரர்கள் வேலைநிறுத்தத்தில் இருந்ததால் நாட்டின் நிருபர்கள் எல்லாம் அந்தச் சின்ன ஸ்டேடியத்துக்கு ஓடி வந்தார்கள். 18 நிமிடம்தான். 33ஆவது இன்னிங்ஸில் டேவ் கோசா அடித்த அடியில் மார்ட்டி பேரட் ஓடி வந்து பாட்டக்கெட் 3-2 என்று ஜெயித்தது. மொத்தம் 8 மணி 25 நிமிடம்.

ராச்செஸ்டர் பக்கத்துக் கதை அதிகம் எழுதப்படவில்லை என்பது என் வருத்தம். பேட்டருக்குப் பின்னால் பந்தைப் பிடிக்கும் கேட்சர் டேவ் ஹப்பர்ட் 31 இன்னிங்ஸ் குத்தவைத்து உட்கார்ந்து எழுந்தார். ஒரு கேட்சரின் முழங்கால் படும் பாட்டைத் தெரிந்தவர்களுக்குத்தான் அந்த எண்ணின் கனம் புரியும். ஜிம் அம்பார்கர் பின்னிரவில் வந்து பத்து இன்னிங்ஸ் வீசி ஒரு ரன்கூடக் கொடுக்கவில்லை. மூன்றாவது பேஸில் 20 வயது கால் ரிப்கன் ஜூனியர், 33 இன்னிங்ஸும் ஆடி 13 முறை மட்டை பிடித்து இரண்டே ஹிட். ஆகஸ்டில் பால்டிமோர் அவரைக் கூப்பிட்டுக்கொண்டது, பிற்பாடு தொடர்ந்து 2,632 மேஜர் லீக் ஆட்டம் ஆடிய மனிதர். அந்த இரவு ராச்செஸ்டர் சட்டையில் அவர் நின்றது அந்தப் பொறுமைக்கு நல்ல தொடக்கம் என்றே நினைக்கிறேன். பாக்ஸும் ரிப்கனும் இருவரும் பேஸ்பால் ஹால் ஆஃப் ஃபேமில் இருக்கிறார்கள்.

மழை விடவில்லை. பேச்சு கியூபாவுக்குப் போனது. அந்தக் காலத்தில் இன்டர்நேஷனல் லீகில் ஹவானாவும் இருந்தது, ஷுகர் கிங்ஸ் என்று பெயர். 1959 ஜூலை 25 இரவு ராச்செஸ்டர் அங்கே ஆடிக்கொண்டிருந்தது. காஸ்ட்ரோ ஆட்சிக்கு வந்த பின் வரும் முதல் ஜூலை 26, புரட்சி இயக்கத்தின் நாள். நள்ளிரவு தாண்டியதும் ஆட்டத்தை நிறுத்தித் தேசிய கீதம் பாடி, வானத்தை நோக்கித் துப்பாக்கியால் சுட்டுக் கொண்டாடினார்கள். மேலே போன குண்டு கீழே வரத்தானே வேண்டும்? கூடுதல் இன்னிங்ஸில் ராச்செஸ்டர் மேனேஜர் காட் டீல் அம்பயரோடு வாதாடி வெளியேற்றப்பட்டார். அவருக்குப் பதிலாக மூன்றாவது பேஸ் அருகே கோச்சாகப் போய் நின்றவர் ஃபிராங்க் வெர்டி. வெர்டி தொப்பிக்குள் பிளாஸ்டிக் காப்பு வைத்திருப்பார், டீலுக்கு அந்தப் பழக்கமே இல்லை. குண்டு வந்து வெர்டியின் தொப்பியில் பட்டு வழுக்கியது. ஹவானாவின் ஷார்ட்ஸ்டாப் லியோ கார்டனாஸுக்குத் தோளில் உரசல். இருவரும் பிழைத்தார்கள். ராச்செஸ்டர் மீதி ஆட்டங்களை விட்டுவிட்டு ஊர் திரும்பியது. அடுத்த வருடம் சீசன் நடுவிலேயே ஹவானா அணியை லீக் ஜெர்சி சிட்டிக்கு மாற்றியது.

அப்புறம் ஆட்டத்தை ரத்து செய்தார்கள். நாளை இரண்டு ஆட்டம், ஒவ்வொன்றும் ஏழு இன்னிங்ஸ்.

சனி

மவுண்ட் ஹோப் இடுகாட்டுக்குக் காலையில் போய்வந்தேன். அடிமை முறையை எதிர்த்துப் போராடிய ஃபிரெடெரிக் டக்ளஸும் பெண்களின் ஓட்டுரிமைக்குப் போராடிய சூசன் பி. அந்தோனியும் அங்கே இருக்கிறார்கள். அதைப் பற்றி எழுத இது இடமில்லை.

36ஆம் எண்ணைப் பற்றி எழுத வேண்டும். லூக் ஈஸ்டர் 1915இல் மிசிசிப்பியில் பிறந்தவர். ஆறடிக்கு மேல் உயரம், பூதம் போல அடிப்பார். ஆனால் அவருடைய நல்ல வயது முழுக்க மேஜர் லீகின் கதவு கறுப்பர்களுக்கு மூடியிருந்தது. கறுப்பர்களின் தனி லீகில் ஹோம்ஸ்டெட் கிரேஸ் அணிக்கு ஆடி, மேஜர் லீகின் கிளீவ்லாந்து அணி அவரை 1949இல் எடுத்தபோது வயது ஏறக்குறைய 34 ஆகிவிட்டது. வயதைக் குறைத்துச் சொல்லி வைத்திருந்தார், இல்லாவிட்டால் யார் எடுப்பார்கள்? முழங்கால் போனதும் மைனர் லீகுக்கு இறக்கினார்கள். பஃபலோவில் சில வருடம், 1959இல் அவர்களும் விட்டுவிட்டார்கள். ராச்செஸ்டர் எடுத்துக்கொண்டது. 43 வயதில் வந்து 1964 வரை ஆடினார், 48 வயது வரைக்கும் என்று சொன்னால் புரியும். மேஜர் லீகுக்கு ஏறுகிற ஆசையோ அவசரமோ இல்லாமல் இங்கேயே ஆடி, ஆட்டம் முடிந்து சிறுவர்கள் கேட்கும் கையெழுத்தையெல்லாம் போட்டுவிட்டுப் போன மனிதர். ஊர் அவரைத் தன்னவராக வைத்துக்கொண்டதில் ஆச்சரியமே இல்லை. 1979இல் ஓஹையோவில், சக தொழிலாளர்களின் சம்பளப் பணத்தை வங்கியில் இருந்து எடுத்து வரும்போது கொள்ளைக்காரர்கள் சுட்டுக் கொன்றார்கள்.

நாற்றங்காலாக மட்டும் ஒரு ஊர் இருந்துவிட்டால் அங்கே நினைவு தங்காது, போகிறவர்கள் போய்க்கொண்டே இருப்பார்கள். ஈஸ்டரும் ஆல்டபெல்லியும் தங்கியவர்கள். ரிப்கனும் மியூசியலும் பெரிய பெயர்கள், ஆனால் ஓய்வு பெற்ற எண்கள் அவர்களுடையவை இல்லை. கிளப் இதைத் தெரிந்தே செய்திருக்கிறது என்று எனக்குப் படுகிறது.

முதல் ஆட்டத்தில் பக்கத்து இருக்கையில் ஒரு பெரியவர், மனைவியோடு. பேச்சுக் கொடுத்தேன். அப்பா 1957இல் இரண்டு பங்கு வாங்கினாராம், ஒன்று தன் பெயரில், ஒன்று அம்மா பெயரில். அப்பா போன பிறகு அந்தச் சான்றிதழ்கள் இவரிடம் இருக்கின்றன. "விற்கலாமா என்று எப்போதாவது நினைத்தீர்களா?" என்று கேட்டேன். "அது எங்கள் அப்பா வாங்கியது" என்றார், அதோடு ஆட்டத்தைப் பார்க்கத் திரும்பிவிட்டார். ராச்செஸ்டர் முதல் ஆட்டத்தில் ஜெயித்து இரண்டாவதில் தோற்றது.

ஞாயிறு

பகல் ஆட்டம், நல்ல வெயில். சிராக்யூஸ்காரர்களைப் பற்றி இன்று எழுத நினைத்துதான் இத்தனை நாள் தள்ளிப்போட்டேன்.

சிராக்யூஸ் அணியும் ராச்செஸ்டரைப் போலவே ஊர்மக்களின் பங்குகளில் நடந்ததுதான். அப்போது பெயர் சீஃப்ஸ். 2010களில் கூட்டம் குறைந்து நஷ்டம் சேர்ந்தது. 2017இல் நியூயார்க் மெட்ஸ் வாங்க முன்வந்தது, பங்குதாரர்கள் சம்மதித்தார்கள், 2019 முதல் அது சிராக்யூஸ் மெட்ஸ். குற்றம் சொல்ல மாட்டேன், கடன் கழுத்தைப் பிடிக்கும்போது விற்பவர்களுக்கு அவர்கள் நியாயம் உண்டு. அணி ஊரிலேயே இருக்கிறது, அது சின்ன விஷயம் இல்லை. ஆனால் அடுத்த முறை மெட்ஸ் தன் திட்டத்தை மாற்றினால் சிராக்யூஸில் யாரைப் போய்க் கேட்பது? ராச்செஸ்டர் 1956இல் இருந்த இடத்தில் இன்று அந்த ஊர் இருக்கிறது.

இது சிராக்யூஸோடு நிற்கவில்லை. 2020இல் கொரோனாவால் மைனர் லீக் சீசனே நடக்கவில்லை. ஒரு டிக்கெட் விற்காமல் ஒரு வருடம். அதே சமயத்தில் மேஜர் லீக், மைனர் லீகைத் தன் நேரடிக் கட்டுப்பாட்டுக்குக் கொண்டுவந்து, 160 இணைப்பு அணிகளை 120 ஆக வெட்டியது. 40 ஊர்கள் வெளியே. இன்டர்நேஷனல் லீக் என்ற பெயரையே ஒரு வருடம் எடுத்துவிட்டார்கள், 2022இல்தான் திருப்பிக் கொடுத்தார்கள். ராச்செஸ்டர் தப்பியது, ஆனால் 2003 முதல் இணைந்திருந்த மினசோட்டா ட்வின்ஸ் போய் 2021இல் வாஷிங்டன் வந்தது. அதற்கப்புறம் டயமண்ட் பேஸ்பால் ஹோல்டிங்ஸ் என்ற ஒரே கம்பெனி 40க்கு மேற்பட்ட மைனர் லீக் அணிகளை வாங்கிவிட்டது. நன்றாகவே நடத்தலாம், அந்த அணிகளின் ஸ்டேடியங்களில் கூட்டமும் இருக்கலாம். என்றாலும் முடிவெடுக்கிற மேசை அந்த ஊரில் இல்லை.

ராச்செஸ்டர் பங்குதாரர்கள் இன்றும் இயக்குநர் குழுவைத் தேர்ந்தெடுக்கிறார்கள். மேலேயுள்ள அணி யார் ஆடுவது என்று சொல்லலாம், ஜேம்ஸ் வுட் போல ஒரு பையன் 2024 சீசன் நடுவில் ஜூலை 1ஆம் தேதி வாஷிங்டனுக்கு ஆடப் போய்விடலாம், அதைத் தடுக்க யாராலும் முடியாது. ஆனால் இந்த அணி ராச்செஸ்டரில் இருக்க வேண்டுமா என்ற கேள்வி வந்தால், பதில் சொல்கிறவர்கள் ராச்செஸ்டரில் இருக்கிறார்கள். 10 டாலர் கொடுத்து அவர்கள் வாங்கியது அதைத்தான்.

இன்று ரெட் விங்ஸ் எட்டாவது இன்னிங்ஸில் முந்தி ஜெயித்தது. ஆட்டம் முடிந்ததும் சிறுவர்களை பேஸ்களைச் சுற்றி ஓட விட்டார்கள், அக்கா மகனும் ஓடினான்.

நாளை விடுமுறை. செவ்வாய்க்கிழமை பஸ் பிடித்து சிராக்யூஸ் போகிறேன். 2017இல் ஓட்டுப் போட்ட பங்குதாரர்கள் யாராவது பேசச் சம்மதித்தால் அவர்கள் பக்கத்து நியாயத்தை அங்கிருந்து எழுதுகிறேன்.